நேரடி உரிமையாளரா, டீலரா: 2017ஆம் ஆண்டு கார் ஒன்றை வாங்கிய குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் நால்வர் கொண்ட குடும்பம். கணவர் துவாஸில் ஷிப்ட் வேலை பார்க்கும் டெக்னீஷியன். மனைவி பாலர்பள்ளி ஆசிரியை. கணவரின் தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். 2024 மே மாதத்தில் கார் வாங்க முடிவெடுத்தார்கள். சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவு சிஓஇ (காரைப் பத்தாண்டு வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) 90,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி ஓடிக்கொண்டிருந்ததால் புதிய கார் என்ற பேச்சே எழவில்லை. கையில் இருந்த ரொக்கம் 25,000 வெள்ளிக்குள். கடன் 30,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட வரம்பு. நாணய ஆணையத்தின் விதி இதைவிடத் தாராளமானது: ஓஎம்வி (இறக்குமதியின்போது மதிப்பிடப்படும் சந்தை மதிப்பு) 20,000 வெள்ளிக்கு மேற்படாத காருக்கு விலையில் 70 விழுக்காடு வரை கடன் வாங்கலாம்.

தேடலில் இரண்டு கார்கள் மிஞ்சின. இரண்டும் ஒரே ரகம்: 1,598 சிசி ஜப்பானிய செடான், சிவிடி (படிகள் இல்லாத தானியங்கி) கியர், 2017இல் பதிவானவை. ஒன்று ஊபியில் ஒரு டீலரிடம், 54,800 வெள்ளி. மற்றொன்று ஜூரோங் வெஸ்டில் நேரடி உரிமையாளரிடம், 52,300 வெள்ளி. உரிமையாளர் தமிழர்; குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவரின் சக ஊழியர். இந்த அறிமுகம் பின்னால் நடந்தவற்றில் பெரிய பங்கு வகித்தது.

விலையைக் கணக்கிட்ட விதம்

விலைப்பட்டியலில் வித்தியாசம் 2,500 வெள்ளி. சிங்கப்பூரில் இந்த எண் மட்டும் எதையும் சொல்லாது. சிஓஇ முடிய எத்தனை மாதம் மிச்சம், பத்தாம் ஆண்டில் காரைக் கழிக்கும்போது, பதிவின்போது கட்டிய ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பார்ஃப் தொகையாக எவ்வளவு திரும்பும் என்ற இரண்டையும் சேர்த்தால்தான் ஒப்பிட முடியும்.

நேரடி உரிமையாளரின் கார் அக்டோபர் 2017இல் பதிவானது. மே நடுப்பகுதியில் மிச்சம் 41 மாதம். ஏஆர்எஃப் 18,600 வெள்ளி. ஒன்பதிலிருந்து பத்து வயதுக்குள் பதிவு நீக்கினால் அதில் பாதி, அதாவது 9,300 வெள்ளி திரும்பும். 52,300இல் 9,300ஐக் கழித்து 41ஆல் வகுத்தால் மாதத்துக்கு 1,049 வெள்ளி.

டீலரின் கார் டிசம்பர் 2017. மிச்சம் 43 மாதம். ஏஆர்எஃப் 18,900, திரும்புவது 9,450. மாதத்துக்கு 1,055 வெள்ளி.

2,500 வெள்ளி என்று பார்த்த வித்தியாசம் மாதம் ஆறு வெள்ளியாகச் சுருங்கிவிட்டது. தேக்காவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

ஆனால் டீலரின் விளம்பர விலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கடனை அவர்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும். வெளியில் எடுத்தால் விலை 1,500 வெள்ளி கூடும். அவர்கள் சொன்ன வட்டி ஆண்டுக்கு 3.98 விழுக்காடு. குடும்பத்துக்கு வெளியில் கிடைத்தது 2.78. இரண்டும் தொடக்கத் தொகைக்கே கடைசிவரை போடப்படும் நேர் வட்டி. 30,000 வெள்ளிக்கு மூன்று ஆண்டில் 3,582க்கு எதிராக 2,502. கூடுதல் 1,080 வெள்ளி. அதோடு 'நிர்வாகக் கட்டணம்' 388 வெள்ளி. 'இப்போதைக்கு அவர்கள் கடனை எடுத்துவிட்டு ஆறு மாதத்தில் அடைத்துவிடலாம்' என்று சிலர் யோசனை சொன்னார்கள். அது உதவாது. முன்கூட்டி அடைத்தால் வட்டித் தள்ளுபடியை, தொடக்க மாதங்களிலேயே வட்டியின் பெரும்பங்கைச் சேர்த்துவிடும் '78 விதி'ப்படி கணக்கிடுவார்கள். அந்தத் தள்ளுபடியிலும் ஒரு பங்கை அபராதமாகப் பிடிப்பார்கள்.

நேரடி விற்பனையிலும் மறைசெலவு இருந்தது. தனியாளிடமிருந்து வாங்கும் காருக்குக் கடன் ஏற்பாடு செய்ய ஒரு தரகு நிறுவனம் 350 வெள்ளி கேட்டது. எல்லாம் சேர்த்தால் டீலர் கார் மாதம் 1,089, நேரடி கார் 1,057. வித்தியாசம் மாதம் 32 வெள்ளி; 41 மாதத்துக்கு ஏறத்தாழ 1,300 வெள்ளி. குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு இந்த 1,300 வெள்ளியைப் பற்றியதுதான்.

பார்வையிட்டபோது கண்டவை

மே 11, சனிக்கிழமை, ஊபி. கார் பளபளவென்று இருந்தது. நான்கு டயரும் புதிது, மலிவு ரகம். ஓடியது 96,000 கிலோமீட்டர். லாக் கார்டில் (காரின் அதிகாரபூர்வப் பதிவு விவரம்) உரிமை மாற்றம் மூன்று. ஆறரை ஆண்டுக் காருக்கு இது சற்று அதிகம். அதை மட்டும் வைத்துக் காரை ஒதுக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாத உத்தரவாதம் தருவதாகச் சொன்னார்கள். அது வேறொரு உத்தரவாத நிறுவனத்தின் ஒப்பந்தம்; விலக்குப் பட்டியல் இரண்டு பக்கம்.

இங்கே பலர் குழம்புகிறார்கள். அந்த உத்தரவாதமும் லெமன் சட்டமும் வேறு வேறு. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள லெமன் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பொறுப்பு. பழைய காருக்கும் இது பொருந்தும். வயதுக்கேற்ற தேய்மானத்துக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் இந்த உரிமை போகாது. தனியாள் தனியாளுக்கு விற்பதில் இந்தச் சட்டமே இல்லை. டீலர் கடையில் நின்றாலும், 'கன்சைன்மென்ட்' கார் (உரிமையாளருக்காக டீலர் விற்றுக்கொடுப்பது) என்றால் ரசீதில் விற்பவர் பெயராக யாரைப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கே பழைய உரிமையாளரின் பெயர் இருந்தால், நீங்கள் தனியாளிடம் வாங்கியதாகவே டீலர் பின்னால் வாதிடலாம்.

மே 12, ஜூரோங் வெஸ்ட். ஓடியது 118,000 கிலோமீட்டர். உரிமையாளர் 2020இல் வாங்கியவர். உரிமை மாற்றம் ஒன்று. லாக் கார்டைப் பிடிஎஃப் படமாக அனுப்புவதாகச் சொன்னார். குடும்பம் அதை ஏற்காமல், அவரையே சிங்பாஸ் என்ற தேசிய மின்னடையாளம் வழியாக, போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் நுழைந்து காட்டச் சொன்னது. சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காரோடு ஒப்பிட்டார்கள். சரியாக இருந்தன. கார் மீது கடன் பாக்கி இருந்ததை அவர் மறைக்கவில்லை: 'ஆப்ல 21,200 காட்டுது, தம்பி.'

பிறகு வந்தது சிவிடி எண்ணெய். கணவர் கேட்டார். 'ஒரு லட்சத்துல மாத்தியாச்சு தம்பி, நம்ம தெரிஞ்ச பட்டறையிலதான். கியர்பாக்ஸ்ல ஒரு பிரச்சினையும் இல்ல' என்று பதில் வந்தது. அன்றிரவு அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதினார். ரசீது கேட்கவில்லை. பழகிய மனிதரின் ஆள், வீட்டில் காப்பி கொடுத்து உட்கார வைத்திருக்கிறார், 'பில் காட்டுங்கள்' என்று எப்படிக் கேட்பது என்ற கூச்சம். ஊபியில் அதே கணவர் டீலரிடம் மூன்று ரசீது கேட்டு வாங்கிப் பார்த்தவர்.

சோதனை ஓட்டம் பிஐஇ விரைவுச்சாலையில் பத்து நிமிடம். கார் அமைதியாக ஓடியது.

முடிவும் அதற்கான காரணமும்

டீலரைக் கைவிட்டதற்கு வட்டி முதன்மைக் காரணம் அல்ல. 2,000 வெள்ளி முன்பணம் கேட்டார்கள். 'கடன் ஒப்புதல் கிடைக்காவிட்டாலோ, வெளிச் சோதனையில் பெரிய குறை தெரிந்தாலோ முன்பணம் முழுதும் திரும்பும்' என்று ஒரு வரி எழுதித் தருமாறு குடும்பம் கேட்டது. விற்பனையாளர் வாயால் சம்மதித்தார், எழுத மறுத்தார். அந்த இடத்தில் விலகியது சரியான முடிவு. முன்பணத் தகராறுகளில் கடைசியில் கையில் நிற்பது அந்த ஒரு வரிதான்.

நேரடி காரை மே 18 அன்று ஆய்வு நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். இது ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையிலிருந்து வேறுபட்டது. கட்டாயச் சோதனை கார் சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும்; இந்த மதிப்பீடு வாங்கத் தகுதியா என்று பார்க்கும். கிடைத்த முடிவுகள் இவை. இடது பின் பக்கத் தகட்டில் பெயிண்ட் கனம் 300 மைக்ரானுக்கு மேல். மற்றத் தகடுகளில் 110 முதல் 140. அதாவது அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். டிக்கியின் அடித்தரை, வெல்டிங் புள்ளிகள் இயல்பாக இருந்ததால் கனமான மோதல் என்று கொள்ள இடமில்லை. முன் லோவர் ஆர்ம் புஷ்கள் (முன் சக்கரத் தாங்கியின் ரப்பர் இணைப்புகள்) வெடித்திருந்தன. டயர்களில் 1219 என்ற எண்: 2019ஆம் ஆண்டின் 12ஆம் வாரத் தயாரிப்பு, ஐந்து வயது தாண்டியவை. கணினியில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை.

நான்கு டயருக்கு 500, புஷ்களுக்கு 280. இந்தக் கணக்கை அறிக்கையோடு காட்டியதும் உரிமையாளர் 800 வெள்ளி குறைத்தார். இறுதி விலை 51,500. பேரம் இப்படிப் பொருள்வாரியாக நடந்தால் மனத்தாங்கல் வராது. ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பேநவ் வழியாக 500 வெள்ளி முன்பணம் கொடுத்தார்கள்.

பணம் கைமாறிய நாட்கள்

நேரடி விற்பனையில் உண்மையான சிக்கல் இங்கேதான். பழைய கடனை அடைத்து நிதி நிறுவனம் காரை விடுவிக்காமல் பெயர் மாற்ற முடியாது. வாங்குபவரின் புதிய கடனோ பெயர் மாறிய பிறகுதான் கைக்கு வரும். ஒன்றுக்கொன்று காத்திருக்கும் இந்த இரண்டுக்கும் நடுவே யாராவது பணம் போட வேண்டும். டீலர் வழி வாங்கும்போது டீலர் தன் பணத்தைப் போட்டு இதைக் கடக்கிறார். வாங்குபவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. டீலரின் இலாபத்தில் ஒரு பகுதி இந்த வேலைக்கான கூலி என்பதை மறுக்க முடியாது.

இங்கே வாங்குபவரின் ரொக்கமே பாலமாயிற்று. நிதி நிறுவனத்தின் செட்டில்மென்ட் கடிதம் வந்தபோது பாக்கி 21,860 வெள்ளி. ஆப் காட்டியதைவிட 660 கூடுதல். முன்கூட்டி அடைப்பதற்கான அபராதம் ஆப்பில் தெரியாது. வெசாக் தின விடுமுறைக்கு மறுநாள், மே 23, வியாழக்கிழமை, குடும்பம் 21,000 வெள்ளிக்குக் கேஷியர்ஸ் ஆர்டர் (வங்கியே வழங்கும் காசோலை) எடுத்தது. அதை எடுத்தது நிதி நிறுவனத்தின் பெயரில். உரிமையாளர் பெயரில் அல்ல. இருவரும் சேர்ந்தே நேரில் போய்க் கட்டினார்கள். மீதி 860ஐ உரிமையாளர் தன் கையிலிருந்து போட்டார்.

மே 27 திங்கள் காலை கார் விடுவிக்கப்பட்டது. அந்த நான்கு நாளும் 21,500 வெள்ளி வெளியே. கார் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில். பாதுகாப்பாக இருந்தவை மூன்று: கையெழுத்திட்ட ஒப்பந்தம், நிதி நிறுவனம் கொடுத்த ரசீது, இரண்டாவது சாவி. உரிமையாளர் பக்கமும் நடுக்கம் இருந்தது. 30,000 வெள்ளி பெயர் மாறிய பிறகுதான் அவருக்கு வரும். அவர் கையில் இருந்தது வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் மட்டும்.

அன்று பிற்பகல் காப்புறுதி நடப்புக்கு வந்ததை உறுதிசெய்துகொண்டு, இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிங்பாஸ் வழியாகப் பெயர் மாற்றினார்கள். காப்புறுதி பதிவாகாமல் மாற்றம் நிறைவேறாது. ஒப்பந்தத்தின் அடியில் 'கார் கைமாறிய நேரம் பிற்பகல் 3.40' என்று எழுதினார்கள். அபராதச் சீட்டு எதுவும் பின்னால் வந்தால் யார் கணக்கு என்பதற்கு அது போதும். மே 29 அன்று வங்கிப் பணம் உரிமையாளருக்குச் சேர்ந்தது. வீவக மாதாந்திரக் கார் நிறுத்த அனுமதியும் அந்த வாரமே எடுக்கப்பட்டது.

அதன் பிறகு

ஜூலை முதல் வாரம். டயாலிசிஸ் முடிந்து தந்தையை அழைத்து வந்து, புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மேல் தளத்துக்கு ஏறும்போது, மூன்றாம் தளச் சரிவில் காரின் அடியில் ஒரு நடுக்கம். வெல்லக் கட்டியை உரசுவதுபோல் ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை விட்டால் நின்றது. மிதித்தால் திரும்ப வந்தது. காலையில் குளிர்ந்த காரில் வரவே இல்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, மெதுவான வேகத்தில், ஏற்றத்தில் மட்டும்.

சிவிடியின் தன்மை இது. எண்ணெய் பழையதாகி மெலிந்தால், சூட்டில் அழுத்தம் குறையும். சுமையோடு மெல்ல ஏறும்போது பிடிமானம் நழுவி உதறும். விரைவுச்சாலையில் சீரான வேகத்தில் தெரியாது. பிழைக் குறியீடும் எல்லா நேரமும் பதிவாகாது. அதனால்தான் பத்து நிமிட பிஐஇ ஓட்டத்திலும் ஆய்வு நிலையத்திலும் அது தப்பியது.

பட்டறையில் எண்ணெயைத் திறந்தபோது கறுப்பு, தீய்ந்த வாடை. சட்டியின் காந்தத்தில் பசைபோல் உலோகத் துகள். 18,000 கிலோமீட்டருக்கு முன் மாற்றிய எண்ணெய் அப்படி இருக்காது. 260 வெள்ளிக்கு எண்ணெய் மாற்றியும் உதறல் முழுதாகப் போகவில்லை. கியர்பாக்ஸைப் பிரித்துச் சீர்செய்ய 3,200 வெள்ளி.

பயனீட்டாளர் சங்கத்தை அணுக இடமில்லை. அது வியாபாரிகளுக்கு எதிரான புகார்களைக் கவனிப்பது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் தனியாள் விற்பனையையும் விசாரிக்கும்: 20,000 வெள்ளி வரை, ஈராண்டுக்குள். குறை முன்பே இருந்தது, உரிமையாளர் சொன்னது உண்மைக்கு மாறானது என்ற இரண்டையும் அங்கே வாங்கியவர்தான் காட்ட வேண்டும். கையில் இருந்தது அந்த வாட்ஸ்அப் செய்தியும் எண்ணெயின் படங்களும்.

மன்றத்துக்குப் போவதற்கு முன் உரிமையாளரிடம் பேசினார்கள். ரசீதைக் கேட்டார்கள், இரண்டு மாதம் தாமதமாக. அவரிடம் ரசீது இல்லை. பட்டறையில் 'எண்ணெய் மாற்றியாயிற்று' என்று சொன்னதை அவர் எஞ்சின் எண்ணெயா, கியர் எண்ணெயா என்று விசாரிக்காமல் நம்பியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. செய்தியில் எழுதியது தானே என்பதால் 1,000 வெள்ளி தர ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் எழுத்து வழியாக விவகாரம் முடிந்தது.

நேரடியாக வாங்கியதில் மிச்சம் சுமார் 1,300. கியர்பாக்ஸுக்குக் கையிலிருந்து போனது 2,460. நிகரமாக 1,160 வெள்ளி கூடுதல் செலவு. டீலரின் காரிலும் இதே குறை வந்திருக்கலாம். வந்திருந்தால் ஆறு மாதத்துக்குள் பழுதுபார்த்துத் தருவது டீலரின் சுமையாகியிருக்கும். அதற்காகச் சண்டை போடும் நேரத்துக்கு இந்தக் கணக்கில் விலை போடவில்லை.

அக்டோபர் கட்டாயச் சோதனையில் கார் முதல் முறையிலேயே தேறியது.

மறுபடி வாங்கினால் மாற்ற வேண்டியவை

பணம் போன வழியில் மாற்ற எதுவும் இல்லை. நிதி நிறுவனத்தின் பெயரில் கேஷியர்ஸ் ஆர்டர், இருவரும் நேரில் போனது, நேரம் குறித்தது எல்லாம் அப்படியே இருக்கலாம். செட்டில்மென்ட் கடிதத்தை மட்டும் விலை பேசுவதற்கு முன்பே வாங்கச் சொல்ல வேண்டும். 660 வெள்ளி வித்தியாசம் இம்முறை உரிமையாளரால் தாங்கக்கூடியதாக இருந்தது. அவரிடம் அந்தப் பணம் இல்லாதிருந்தால் ஒப்பந்தம் அங்கேயே நின்றிருக்கும்.

சோதனை ஓட்டம் குறைந்தது நாற்பது நிமிடம். முதலில் நகரச் சாலையில் நின்று நின்று ஓட்டி காரைச் சூடாக்க வேண்டும். பிறகு பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பாட்டை நிறுத்தி, ஏர்கான் போட்டு, மிக மெதுவாக மேல் தளம் வரை ஏற வேண்டும். சரிவின் பாதியில் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். கார் சூடாக இருக்கும்போதே ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

எண்ணெய் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு விலை பேச வேண்டும். கூச்சமாக இருந்தால் வேறு வழியும் உண்டு: 'அண்ணே, எந்தப் பட்டறைன்னு சொல்லுங்க, நானே போன் பண்ணிக் கேட்டுக்கிறேன்' என்றால் முகம் முறியாது. காரின் எண்ணைச் சொன்னால் பெரும்பாலான பட்டறைகள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடும். ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்: 'சிவிடி எண்ணெய் 100,000 கிலோமீட்டரில் மாற்றப்பட்டதாக விற்பவர் உறுதியளிக்கிறார்.' உண்மையில் தெரியாதவர் அந்த வரியைப் படித்ததும் கையெழுத்திடத் தயங்குவார்.